மேல் தாள்

பதினைந்து நாளைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை.
காலை ஏழு மணிக்குள் வாசலோரம் வைத்துவிட வேண்டும்.
பையில் போடக் கூடாது. பெட்டியிலும் கூடாது.
சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி,
ஒரு கை தூக்கும் எடைக்கு மிஞ்சாமல்.
பால் அட்டை காகிதம் ஆகாது.
பீட்சா அட்டை எண்ணெய் குடித்தது, அதுவும் ஆகாது.
விண்டர்தூர் நகராட்சியின் நாட்காட்டியில்
எல்லாவற்றுக்கும் படம் போட்டிருக்கிறது.
மேலே எந்தத் தாள் இருக்க வேண்டும் என்பதற்கு மட்டும்
படம் இல்லை.

நான் எப்போதும் தள்ளுபடி விளம்பரம் வைப்பேன்:
உருளைக்கிழங்கு, இரண்டு கிலோ, பாதி விலை.
வங்கிக் கடிதம் நடுவில்.
ஊர்ஸின் வக்கீல் எழுதியவை
நடுவுக்கும் நடுவில்.
முடிச்சு இறுகும்வரை அழுத்திப் பிடிக்க
இன்னொரு விரல் வேண்டும்.
இப்போதெல்லாம் முழங்காலை வைத்துக்கொள்கிறேன்.

ஐந்து மணிக்கு இறங்குவேன். ஐந்து நாற்பதுக்கு
என்னுடைய முதல் பேருந்து.

நவம்பரில் ஒரு விடியல்,
கூரைச் சரிவின் கீழ் கிடந்த கட்டுகளில் ஒன்று
குறுக்கெழுத்தை முகமாய் வைத்திருந்தது.
பச்சை மை. முக்கால்வாசி முடிந்தது.
முடிச்சு என்னுடையதற்கு எதிர்ப்புறமாய்ச் சுழன்றிருந்தது.
இடது கைக்காரர்.
பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு தபால் பெட்டி.

பதினேழு, மேலிருந்து கீழ்:
‘விட்டால் திரும்பாது.’ மூன்று எழுத்து.
பேருந்தை விட்டால்
அரை மணியில் அடுத்தது வரும்,
அதை ஓட்டுகிறவள் சொல்கிறேன்.
சீருடைப் பையிலிருந்து பேனா எடுத்து
குளிரில் விறைத்த கையால் எழுதினேன்:
காலம்.

எழுதி என்ன, லாரி வர இன்னும் இரண்டு மணி நேரம்.
அப்புறம் அது கூழாகும்,
முட்டை வைக்கும் அட்டையாகும்.
இப்படித்தான் நினைத்துக்கொண்டே
ரயில் நிலைய வளைவில் வண்டியைத் திருப்பினேன்.

பதினைந்து நாள் போயிற்று.
அதே பச்சை மைக்காரரின் கட்டு.
மேலே அதே கட்டம்,
கத்தரியால் ஒழுங்காக வெட்டி எடுத்தது,
கயிற்றுக்கு அடியில் செருகியிருந்தது.
என் ‘காலம்’ மேல் ஒரு கோடு.
பக்கத்தில்: அம்பு.
ஓரத்தில், பொடி எழுத்தில்:
‘குறுக்கே பார்க்கவில்லையா?’

பார்க்கவில்லை.
பனிரெண்டு ஆண்டு எதையுமே நான் குறுக்கே பார்க்கவில்லை,
கண்ணாடியில் பின்னால் மட்டும்தான்.
வாசலில் நின்று தனியாகச் சிரித்தேன்.
யாரோ ஒருவர், ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில்,
செருப்போடு இறங்கி வந்து
தன் குப்பையைத் தானே படித்திருக்கிறார்.

அதன்பின் மாடிப்படியில் கைகளையே கவனிக்கிறேன்.
ஸ்கிராக்கன் அம்மையார் குடை மடக்குவது வலது கையால்.
டெஸ்ஃபாய் வீட்டுப் பையன் இடது கை,
ஆனால் அவனுக்கு ஆறு வயது,
இன்னும் ‘ர’வைத் திருப்பிப் போடுகிறவன்.
ஹூர்லிமான் இரண்டு கையிலும் பை வைத்திருப்பார்,
கதவை முதுகால் திறப்பார்.
ஒருநாள் அவருக்காகக் கதவைப் பிடித்தேன்.
நன்றி சொன்னார், ஒரு பையும் கீழே வைக்காமல்.

கேட்டுவிடலாம். பொது அறிவிப்புப் பலகை இருக்கிறது.
கேட்க மாட்டேன்.

இன்று திங்கள் இரவு.
பணிமனையில் கிடந்த நாளிதழைக் கொண்டுவந்தேன்.
இதுவரை குறுக்கெழுத்துப் போட்டவள் இல்லை நான்,
மூன்று மணி நேரம் ஆயிற்று.
குறுக்கே பார்த்தேன். நெடுக்கேயும் பார்த்தேன்.
ஒன்று தெரியவில்லை, விட்டேன்.
இன்னொன்று தெரியும்.
அதையும் விட்டேன்.

உருளைக்கிழங்கு இந்த முறை உள்ளே போகிறது.
கட்டத்தின் மேல் கயிறு படாமல்,
வெட்ட வசதியாக ஓரத்துக்குத் தள்ளிக் கட்டினால்
கட்டு கொஞ்சம் தொளதொளவென்று நிற்கிறது.
நகராட்சிக்குப் பிடிக்காது.
தூக்குகிற பையன் முணுமுணுப்பான்.

முழங்காலால் அழுத்திப் பார்த்தேன்.
இரண்டு மணி நேரம் தாங்கும்.